மங்கம்மாவின் பொடி டப்பா

மீன் கூடையோடு மங்கம்மா ஏறினால், கும்மிடிப்பூண்டி ரயிலில் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகிவிடும். அன்றைக்கு வெள்ளை ஜெர்சி போட்ட ஒரு பெண் எழுந்து வந்து, கூடையைத் தன் காலோரம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "வஞ்சிரமா யக்கா?" என்று மட்டும் கேட்டாள். அப்புறம்தான் தெரிந்தது, திருவொற்றியூரில் தன் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளிப் புதுசாய்க் குடிவந்த கபடிக்காரி அன்புக்கரசி அவள்தான் என்று.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் முகாம் மீஞ்சூரில் நடந்தது. புகையிலை தொட்டவருக்கு அங்கே இடமில்லை. சிறுநீரைச் சோதித்துப் பார்ப்பார்கள். சோதனைக்கு முந்தின சாயங்காலம் அன்புவுக்குக் கடைவாய்ப் பல்வலி, கன்னமெல்லாம் வீக்கம். மங்கம்மா இடுப்பிலிருந்த டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடியைப் பல்லில் வைத்து அழுத்தினாள். அந்தத் தெருவில் எந்தப் பல்வலிக்கும் அதுதான் மருந்து. பொடியும் புகையிலைதானே என்று இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை.

மறுநாள் சோதனையில் நிகோடின் என்று வந்துவிட்டது.

"யாரும்மா குடுத்தது?" என்று கோச் ஜெகதீசன் கேட்டாராம். "வாயத் தொறந்து காட்டினது நான்தான் சார்" என்றாளாம். அதற்கு மேல் ஒரு பேரும் சொல்லவில்லை. கூட ஆடும் பெண் வந்து இதை மங்கம்மாவிடம் சொன்னாள். கேட்டதும் மங்கம்மா கூடையைப் போட்டது போட்டபடி ரயிலேறிப் போய், கோச் முன்னால் டப்பாவை நீட்டினாள்.

"நான்தான் நைனா வச்சேன். அதுக்கு இன்னா தெரியும், பாவம்!"

"நம்புறேன்மா. ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அடுத்த வாரம் திரும்பப் பார்ப்போம். அதுலயும் வந்தா வீட்டுக்குத்தான்."

"டப்பாவ மூடு யக்கா, சாரு தும்மிடப் போறாரு. அப்பறம் அவுருக்கும் டெஸ்ட் எடுப்பாங்க!" என்று அன்பு சிரித்தாள். கண் மட்டும் சிவந்திருந்தது.

அன்பு பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வீங்கிய கன்னத்தோடு கடற்கரை மணலில் தனியாக ஓடினாள். மங்கம்மா வடிவுடையம்மன் சன்னதியே கதியென்று கிடந்தாள். தாய் கைவிடவில்லை. சோதனை சுத்தமாக வந்தது. அணியில் சேர்ந்தவள், இறுதி ஆட்டத்தில் எதிராளியின் கணுக்காலைப் பிடித்த பிடி விடாமல் கோப்பையை வாங்கிக் கொடுத்தாள். மீன் வாங்க வந்தவரிடமெல்லாம் "எங்க பொண்ணு" என்று சொல்லிச் சொல்லி மங்கம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போனது.

ரயில்வேயில் வேலை கிடைத்து அன்பு வடக்கே புறப்பட்டாள். வழியனுப்பப் போன மங்கம்மா, கருவாட்டுத் தொக்கு பாட்டிலைக் கொடுக்கத் தயங்கிக்கொண்டு கையிலேயே வைத்திருந்தாள். நகர்ந்த ரயிலிலிருந்து அன்பு கையை நீட்டிப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடு யக்கா! அங்கியும் டெஸ்ட் கீதுதான். நீ குடுத்தா துன்னாம வுட்டுடுவேனா?"