டைட்டஸின் வளைவுக்கு இந்தப் பக்கம்

ரோமப் பேரரசன் டைட்டஸ் செத்து ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பச்சீஃபிகோவுக்கு அவன்மேல் இருந்த கோபம் ஆறவில்லை. பெயரை வாயால் சொல்லமாட்டார். ‘அந்தப் பாவி’ என்பார். ஜெருசலேமில் எங்கள் கோயிலை எரித்து, எங்கள் முன்னோரை ரோமுக்குச் சங்கிலியில் இழுத்துவந்ததற்காக அந்தப் பாவிக்கு எழுப்பிய வளைவின் எதிரில்தான், கழுத்தில் தொங்கும் பெட்டியில் ஜெபமாலைகளும் கொலோசியப் பொம்மைகளும் வைத்துப் பயணிகளுக்கு விற்றார். ரோமில் யூதர் எவரும் அந்த வளைவின் அடியில் கடந்துபோவதில்லை. கடந்தவன் அங்கே நின்று விற்கக்கூடாது என்பது பெட்டிக்காரர்களான எங்களுக்குள் கட்டுப்பாடு.

பச்சீஃபிகோ நின்ற இடத்தின்மேல் அவர் மனைவியின் தம்பி கிரெஷென்சோவுக்குக் கண்; அவனும் பெட்டிக்காரன்தான். அவன் கொடுத்தனுப்பிய ரொட்டியை பச்சீஃபிகோ நாய்க்குப் போட்டார்.

ஒரு மார்ச் நண்பகலில் ஆலங்கட்டி மழை கொட்டியது. பச்சீஃபிகோ கோட்டைக் கழற்றிப் பெட்டிமேல் போர்த்திவிட்டு, ஆலங்கட்டிக்குத் தலையைக் காட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றார். கிரெஷென்சோவோ பொம்மைகள் உடைந்துவிடுமே என்ற பதற்றத்தில், பயணிகளோடு வளைவுக்குள் ஓடி, ஈரக் கல்லில் வழுக்கி விழுந்தான். கணுக்கால் முறிந்தது. மழை விட்டதும் பயணிகள் அவனைத் தாண்டிப் போனார்கள்.

“அத்தான், கை கொடுங்க.”

“ஏன்டா, அந்தப் பாவி வீட்டுல படுக்கை வசதியா இல்லையா?”

“கால் போச்சு அத்தான்.”

“நான் உள்ள வரமாட்டேன். கிட.”

ஆனால் வீட்டில் மனைவிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பெட்டியின் தோல்வாரைக் கழற்றி உள்ளே வீசினார். கிரெஷென்சோ பற்றிக்கொள்ள, மூட்டையை இழுப்பதுபோல் கல்லில் தேய இழுத்து வெளியே போட்டார்.

மறுநாளே பெட்டிக்காரர்களில் பெரியவர்களிடம் போய், கிரெஷென்சோ உள்ளே போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இனி அவன் தொல்லை ஒழிந்தது என்றிருந்தார்.

கிரெஷென்சோ கோலூன்றி வந்தான். “நுழைஞ்சேன், இல்லேங்கல. ஆனா கடக்கலையே! எந்தப் பக்கம் நுழைஞ்சேனோ அதே பக்கமா என்னை வெளிய இழுத்தவர் அத்தான்தான். அவரையே கேளுங்க.”

பெரியவர்கள் மாலைவரை வாதாடி, அவன் கடக்கவில்லை, அங்கே நிற்கலாம் என்று முடிவு சொன்னார்கள். அதன்பின் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். காலையில் வந்ததும் பச்சீஃபிகோ வளைவைப் பார்த்து ஒருமுறை துப்புவார், பக்கத்தில் திரும்பி இன்னொரு முறை.

சாகும்வரை அவருக்கு ஒரே குறைதான். “வெளியவே சுத்திப் போய் அந்தப் பக்கமா இழுத்திருக்கணும்,” என்பார்.