மயிலிறகைத் தின்ற வண்டும் ஒரு துண்டுக் கோழியும்

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருந்தபோது, மலேசியாவின் ஈப்போவில் எங்கள் வீட்டு அறையில் நின்றுகொண்டு, முருகன் என்னைத் தண்டித்துவிட்டார் என்று முழு மனதோடு நம்பினேன். காரணம், ஒரு துண்டுக் கோழி.

காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதத்தில் இருந்தேன். மூன்றாம் நாளே, ஜெலாப்பாங்கில் வேலை முடிந்து வரும் வழியில், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடையில் கோழி பொரியும் வாசனை வந்தது. கால் தானாக நின்றுவிட்டது, ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டேன். வீட்டில் மூச்சுவிடவில்லை.

மறுநாள் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கி, காவடியின் மயிலிறகுகளைத் தோளில் சாய்த்துப் பார்த்தேன். பல இறகுகளில் கண்ணையே காணோம், வெறும் காம்பு! சற்று நேரத்தில் கழுத்து சிவந்து தடித்து, ஒரே அரிப்பு. கோழி இறங்கிய அதே கழுத்து!

"சாமி குத்தம்!" என்று அலறினேன். மனைவி ஓடிவந்தாள். அவள் கேட்காமலே கோழிக் கதையைக் கொட்டிவிட்டேன், சம்பல் கூடுதலாகக் கேட்டு வாங்கியது உட்பட. போதாததற்கு, மொட்டை அடிப்பதாகவும் அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

அவள் தன் தம்பியை அழைத்தாள். பூச்சிமருந்து அடிப்பது அவன் தொழில். பெட்டியை வெள்ளைத் தாளில் தட்டி, டார்ச் அடித்தான்.

"மச்சான், சாமி இல்லலா, வண்டு."

எள்ளளவு உருண்டை. முதுகில் மஞ்சள், வெள்ளை, கறுப்புத் திட்டுகள். குச்சியால் புரட்டினான், வயிறு வெள்ளை.

"கம்பள வண்டு. அதுலயும் இது நெறைய பேருக்குத் தெரியாத ஜாதி. பட்டு, ரோமம், இறகு எதையும் விடாது. ஆனா தின்னது இதோட புழு."

மூலையில் மயிர் சிலிர்த்த பழுப்புப் புழுக்களும், அவை உரித்த தோல்களும் கிடந்தன.

"இந்த முடி பட்டுத்தான் ஒங்களுக்கு அரிக்குது. மூட்டப்பூச்சி கடிச்சதுன்னு நெனச்சிடாதீங்க, அது தட்டையா இருக்கும், இப்படி முடி இருக்காது."

"அப்போ கோழிக்கும் இதுக்கும்?"

"சம்பந்தமே இல்ல மச்சான்."

"வண்டுக்கு இல்ல. எனக்கு இருக்கு" என்றாள் மனைவி. விரதம் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கியது.

மிஞ்சிய இறகுகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, புழு சாகட்டும் என்று ஒரு வாரத்துக்கு மேல் ஃப்ரீசரில் வைத்தோம். விரத வீடு, உள்ளே காலியாகத்தான் இருந்தது. "கோழி இருந்த எடத்துல மயில் இருக்கட்டும்" என்றாள்.

இப்போதெல்லாம் எதற்கும் அலறுவதற்கு முன்னால் ஒரு முறை புரட்டிப் பார்த்துவிடுகிறேன். அன்று நடந்தது இவ்வளவுதான்: இறகைத் தின்றது புழு, கோழியைத் தின்றது நான்; யாரும் என்னைத் தண்டிக்கவில்லை, மொட்டைத் தலையோடு காவடி எடுத்தேன்.