ஆயுத பூஜைக்குக் குளித்த போர் விமானம்

மூன்று மாதமாக ஒரு பிளாஸ்டிக் போர் விமான மாடலைப் பழசாக்கிக்கொண்டிருந்தேன். ஒட்டி, பெயின்ட் அடித்து, நிஜமாகவே போருக்குப் போய்வந்தது போலத் தெரிய எண்ணெய்க் கறை, புகைக் கரி, துரு எல்லாம் தூரிகையால் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் மாடல் கண்காட்சி.

இன்று காலை பொரி, கடலை வாங்கிக்கொண்டு கீரனூர் வீட்டுக்குத் திரும்பினால், பைக்குக்குப் பக்கத்தில் விமானம் பளபளவென்று நிற்கிறது. இறக்கையில் சந்தனம், குங்குமம்.

"பூசைக்கு எல்லாத்தையும் கழுவிட்டேங்க. இதுலதான் அழுக்கு லேசுல போகல. நாரால தேய்ச்சேன்" என்றாள் மனைவி.

"அந்த அழுக்கை நான்தான் வரைஞ்சேன்."

"அழுக்கை எதுக்குங்க வரையணும்?"

குங்குமத்தைத் துடைத்துப் பார்த்தேன்.

மூன்று மாதக் கறை ஒரே காலையில் போய்விட்டது. இந்தக் குங்குமக் கறை மட்டும் போகவே இல்லை.

எதைப் போட்டால் போகும் என்று யாரும் கமென்டில் எழுதாதீர்கள். அவளும் படிப்பாள்.