பூஜ்யத்துக்கு மிக அருகில்

என் அப்பாவுக்கு யார் மேலும் எளிதில் நம்பிக்கை வராது. நூல் கோன் வந்து இறங்கினால் பெட்டியில் ஒட்டிய சீட்டைப் பார்க்கமாட்டார். தானே எடை போட்டால்தான் உள்ளே எடுத்து வைக்க விடுவார். பால்காரர் ஊற்றும் பாலை விரல் நுனியில் சொட்டவிட்டுப் பார்ப்பார். அப்படிப்பட்டவர், பன்னிரண்டாம் வகுப்புப் படித்த அக்காவுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்க ஒரு இளைஞரை வீட்டுக்குள் விட்டார் என்றால் அம்மா எவ்வளவு மன்றாடியிருக்க வேண்டும்!

சார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எம்.எஸ்ஸி. கணிதம் முடித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். சாயங்காலம் எங்கள் மாடிக்கு வருவார். கீழே பனியன் துணி பின்னும் அப்பாவின் நிட்டிங் மிஷின்கள் ஓடும் இரைச்சலில் மாடியில் பேசுவது எதுவும் அவருக்குக் கேட்காது. ஆகவே ஐந்தாவது படித்த நான் வீட்டுப்பாடத்தோடு அக்காவின் பக்கத்தில் உட்காரவைக்கப்பட்டேன். சார் போனதும் அப்பா கேட்பார்: "என்ன கண்ணு பேசுனாங்க?"

எனக்கு ஞாபகசக்தி அதிகம். ஒரு நாள் வார்த்தை பிசகாமல் ஒப்பித்தேன். "கிட்டக் கிட்டப் போய்க்கிட்டே இருக்கணுமாம். ஆனா தொட்டுரக் கூடாதாம்."

வாய்க்குப் போன டீ டம்ளர் பாதியில் நின்றது. "ஆரு சொன்னது?"

"சாருதானுங்கப்பா."

"அதுக்கு உங்கக்கா?"

"எவ்வளவு கிட்டப் போலாமுங்க சார்னு கேட்டா."

மறுநாள் பாடம் நடக்கும்போது கரண்ட் போயிற்று. மின்வெட்டு தினசரி வழக்கமாகியிருந்த வருடங்கள் அவை. மிஷின்கள் நின்றதும் அப்பா மாடி ஏறி வந்தார். அம்மா பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"ஏனுங்க சார், அந்தத் தொடக்கூடாதது என்னங்க?"

சாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் ஓர் எழுத்தைக் காட்டினார். "ஹெச், அண்ணாச்சி. இது பூஜ்யத்துக்குக் கிட்டப் போகும். தொடாது."

அப்பா நகரவில்லை. சார் வேறு வழியில்லாமல் விளக்கினார். ஒரு சதுரம். அதன் பக்கத்தைக் கொஞ்சம் நீட்டினால் பரப்பு எந்த வீதத்தில் கூடும் என்பது கேள்வி. நீட்டிய அந்தத் துளிதான் ஹெச். கூடுதலான பரப்பைக் கண்டுபிடித்து, அதை ஹெச்சாலேயே வகுத்து, கடைசியில் விடையோடு ஒட்டிக்கொண்டு நின்ற ஒரு ஹெச்சை ஒன்றுமில்லை என்று அடித்துவிட்டார். துணியில் ஓட்டை தேடுகிற கண்ணோடு அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

"நில்லுங்க. பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு எனக்கே தெரியுமுங்க. வகுக்கறப்ப அது இருந்துது. இப்ப அதே சாமான இல்லீங்கறீங்க. நடுவுல எங்கீங்க போச்சு?"

சாரின் முகத்தில் பயம் போய் மலர்ச்சி வந்துவிட்டது. "இதத்தான் அண்ணாச்சி, கிட்டத்தட்ட முந்நூறு வருசத்துக்கு முன்னால ஒரு பாதிரியார் கேட்டாரு. செத்துப்போன அளவோட ஆவியா இதுன்னு கேலி பண்ணுனாரு. நூறு வருசமா யாராலயும் சரியான பதில் சொல்ல முடியல."

"பதில் தெரியாமயேவா கணக்குப் போட்டாங்க?"

"விடை சரியா வந்துச்சு. அதனால விடல."

"விடை வந்துட்டாப் போதுமுங்களா? திருடுனவன் ஊட்லயுந்தான் சோறு வேகுது."

அதுவரை தலைகுனிந்திருந்த அக்கா எழுந்தாள். "ஹெச்சப் பூஜ்யமாக்கறதே இல்லீங்கப்பா. தப்பு எவ்வளவு சின்னதா இருந்தா ஒத்துக்குவீங்க? சொல்லுங்க."

"ஒரு நூல் கனம்."

"அப்ப ஹெச்ச அரை நூலா வெச்சுக்கறேன். தப்பு அதுக்கு மேல போகாது."

"கால் நூலுன்னா?"

"அதுலயும் பாதியா வெச்சுக்குவேன். நீங்க எத்தனை சின்னதாச் சந்தேகப்பட்டாலும் அதுக்குங் கீழ என்னால போக முடியுமுங்கப்பா. அப்பறம் அந்த விடைய எப்படி இல்லீம்பீங்க?"

அப்பாவிடம் அவள் அத்தனை நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசப்பேச, சாக்பீஸை எடுத்து ஹெச்சைப் பாதி பாதியாகப் பலகையில் குறைத்துக்கொண்டே போனாள். அப்பா பலகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியாகச் சாரைப் பார்த்தார். சார் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

"சரியாத்தான் சொல்ற அம்மிணி," என்றார் அப்பா. பிறகு சார் பக்கம் திரும்பிக் கைகூப்பினார். "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இனி அவளே படிச்சுக்குவாளுங்க."

அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமலே சார் படியிறங்கினார். கொஞ்ச நாளில் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வருடம் அக்காதான் பள்ளியில் கணக்கில் முதலாவது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, அவர்களை மறுத்துவிட்டு அப்பாவே அவளைக் கோயம்புத்தூரில் கணிதம் படிக்கச் சேர்த்தார்.

ஆனால் அன்றைக்கு, சார் படியிறங்கிய பிறகு, அக்கா சுவர் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தாள். "நீதானக்கா ஜெயிச்ச?" என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கரண்ட் வந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் கீழே ஓடி, அப்பாவின் காதருகே கத்தினேன்: "அக்கா அழுவறாளுங்கப்பா!"

"தெரியும் கண்ணு," என்றார், சுற்றி இறங்கும் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் மாடியில் இருந்தவரை அக்கா அழவேயில்லையே, எப்படித் தெரியும் என்று யோசித்தபடியே படியேறினேன்.