தூணுக்குப் பதிலாக அண்ணி

அந்த இசைக்குழுவில் அவரை எல்லோரும் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். நெட்டையான ஆள். மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், அசையாமல் நின்று, பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் கொடுக்கும் பேஸ் கிட்டார் வாசிப்பார். பாடுகிறவருக்குக் கைதட்டல், கீபோர்டுகாரருக்குப் பேர், டிரம்ஸ்காரருக்கு அவர் செய்யும் ஆர்ப்பாட்டமே போதும். தூணுக்குக் கிடைத்ததெல்லாம், சனி ஞாயிறுகளில் அவர்கள் வாசிக்கும் ஓட்டலின் சுவரில் மாட்டிய குழுப் படத்தில் அரைத் தோளும் ஒரு காதும். "காது வந்திருக்குல்ல, அது போதும்" என்பார்.

அவருடைய மனைவி ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்கியவர்களின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தருகிறவள். ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷர் சுவரோடு சரிந்தார். உயிர் பிழைத்தது, இடது பக்கம் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிட்டது. மெல்ல மெல்லக் கால் வழிக்கு வந்தது, கோல் ஊன்றி நடந்தார். பேச்சு கொஞ்சம் குழறியதே தவிர நையாண்டி குறையவில்லை. கை மட்டும் வரவில்லை. அதுவும் இடது கை, கம்பிகளை அழுத்துகிற கை.

"வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "பயிற்சியை விடாம செய்யணும். அவர் மனசு விட்டுட்டா கையும் விட்டுடும்மா."

மனைவி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். தூண் மனசு விடாமல் இருந்ததற்கு ஒரே காரணம்தான் உண்டு. மேடையில் அவருடைய இடம் காலியாக இருந்தது. பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண் கையை மடக்கி நீட்டும்போது வலியில் அவருக்குக் கண் கலங்கும். ஆனாலும் "இன்னும் கொஞ்சம் இழும்மா, சனிக்கிழமை மேடை ஏறணும்" என்பார். எந்தச் சனிக்கிழமை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒரு நாள் கீபோர்டுகாரர் வந்தார். குழுவுக்கு அவர்தான் தலைவர். வாசலிலேயே நின்று மனைவியிடம் இழுத்தார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. பேஸையும் நானே இடது கையால சமாளிக்கிறேன், பாட்டு சோத்துக்குச் செத்த மாதிரி இருக்கு. நல்லா வாசிக்கிறவர் ஒருத்தர் இருக்கார், வரச் சொல்லட்டுமா?"

புதிதாக வருகிறவன் ஒரு தடவை அந்த இடத்தில் நின்றுவிட்டால் பிறகு நகர்வானா? யாரோ ஒருவனை எழுந்திரு என்று எந்த முகத்தோடு சொல்வது? யோசிக்காமல் அவள் வாயில் வந்துவிட்டது: "நான் வாசிக்கிறேன். அவர் வர்ற வரைக்கும்."

டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவர் மனைவி பஸ் சாவியைக் கேட்டது போல கீபோர்டுகாரர் விழித்தார். ஆனால் நல்ல மனுஷர். "முயற்சி பண்ணுங்க அண்ணி, காத்திருக்கோம்" என்று போய்விட்டார்.

ஊசி பிடித்துப் பிடித்து அவள் விரல்நுனிகள் காய்த்துப் போயிருந்தன. பட்ட பாட்டுக்கு இதாவது மிச்சம் என்று நினைத்தாள். ஆனால் காய்த்தது வலது கை. கம்பி அழுத்த வேண்டியது இடது கை. முதல் வாரம் அந்த விரல்கள் கொப்பளித்து, சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

பாட்டுகளைச் சொல்லித் தருவார் என்று பார்த்தால், தூண் மேஜர் ஸ்கேல் என்ற ஏழு சுர வரிசையில் ஆரம்பித்தார். அது முடிந்ததும் அதன் ஏழு மோடுகள்: அயோனியன், டோரியன், ஃபிரிஜியன், லிடியன், மிக்ஸோலிடியன், ஏயோலியன், லோக்ரியன். கடையில் கால்சட்டை ஓரம் மடித்துக்கொண்டே அந்தப் பேர்களை முணுமுணுத்து, பக்கத்து மெஷின்காரியிடம் "அது என்ன மாத்திரை, அக்கா?" என்ற கேலியை வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஏழையும் வாசித்துவிட்டு ஒரு மாலை கிட்டாரைக் கட்டிலில் வைத்தாள். "ஏங்க, இது பித்தலாட்டம். ஏழும் ஒண்ணுதான். அதே ஏழு சுரம். இங்க ஆரம்பிச்சா ஒரு பேரு, அங்க ஆரம்பிச்சா இன்னொரு பேரு. எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேக்குது."

"தனியா வாசிச்சா அப்படித்தான் கேக்கும். கீழ ஒருத்தன் அசையாம நிக்கணும். தள்ளி உக்காரு."

கிட்டாரின் ஒரு முனை அவர் மடியில், மறு முனை அவள் மடியில். எல்லாவற்றிலும் கீழ்ச் சுரம் தரும் தடித்த கம்பியை அழுத்தாமல் அப்படியே சுண்டலாம், அதற்கு வலது கை ஒன்றே போதும். அவர் அதைச் சுண்டிக்கொண்டே இருந்தார். அவள் மெல்லிய கம்பிகளில் அதே சுரத்திலிருந்து மேஜர் ஸ்கேலை வாசித்தாள். "இப்ப மூணாவதையும் ஏழாவதையும் அரைப்படி இறக்கு" என்றார். இறக்கினாள். டோரியன். மேகம் மூடியது போல அறையே மாறிப்போனது. திரும்ப மேஜருக்கே வந்து நாலாவதை மட்டும் அரைப்படி ஏற்றச் சொன்னார். லிடியன். அவளுக்குக் கை மயிர் சிலிர்த்தது. ஏழு பேரும் ஏழு ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பிறகு தினமும் கடை விட்டு வந்ததும் இருவரும் அந்தக் கட்டிலில் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாணமான புதிதில்கூட அவ்வளவு நேரம் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. புருஷனுக்குக் கை போன வீட்டில் இப்படிச் சிரிக்கலாமா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவருடைய இடது கட்டைவிரல், மிகக் கொஞ்சமாக, அசைந்தது. இருவரும் பார்த்தார்கள். கண் பட்டுவிடும் என்பது போல ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஓட்டலில் அவள் முதன்முதலாக நின்ற சனிக்கிழமை, பாதிப் பாட்டுகளில் தடுமாறினாள். மறுநாள் தேறினாள். அடுத்த வாரம் ஒரு பாட்டில், நேராக டோரியனில் நிற்கிற பாட்டு அது, அவள் இறக்கிய ஒரு சுரத்துக்குப் பாடுகிறவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். மேஜைகளில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஒரு பாட்டு முடியும்வரை வீடு, கட்டில், கோல் எதுவும் அவள் நினைவில் இல்லை.

திங்கட்கிழமை கீபோர்டுகாரர் வீட்டுக்கே வந்துவிட்டார். தூணுக்கு எதிரே உட்கார்ந்து அவர் வலது கையைப் பிடித்துக்கொண்டார். பாவம், அவர் நல்ல செய்திதான் கொண்டுவந்தார்.

"அண்ணே, சும்மா சொல்லக் கூடாது, அண்ணி பிச்சு உதறிட்டாங்க! இனிமே பேஸுக்கு நாங்க ஆள் தேட வேண்டியதே இல்ல. நீங்க எந்தக் கவலையும் இல்லாம நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

"ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றார் தூண். சிரிக்கவும் சிரித்தார்.

மறுநாள் பயிற்சிப் பெண் வந்தபோது அவர் இடது கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை. "இன்னைக்கு வேணாம்மா, அசதியா இருக்கு." அடுத்த தடவையும் அசதி. அதற்கடுத்த தடவை அந்தப் பெண் கிளம்பும்போது வாசலில் நின்று, "அக்கா, நான் மடக்கி நீட்டலாம். சார் மனசு வைக்கலைன்னா ஒண்ணும் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மனைவிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டைவிரல் அசைஞ்சுதுங்க! நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீங்க. இப்பப் போய் ஏன் விடுறீங்க?"

"எதுக்கு இனிமே?"

"எதுக்கா? உங்க இடத்துக்கு! அதுக்குத்தானே நான் இவ்வளவும் படிச்சேன்? நான் நாளைக்கே நிறுத்திடறேன், போதுமா?"

"நிறுத்தாத." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஞாயித்துக்கிழமை வந்து செருப்பைக் கழட்டும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தே. உனக்கே தெரியல."

இல்லை, எனக்கு அது பிடிக்கவே இல்லை, உங்களுக்காகத்தான் போகிறேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை. பிடித்திருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"எவனோ ஒருத்தன் வந்து நின்னிருந்தா, எந்திரிடா என் இடத்தை விட்டுன்னு சண்டை போட்டிருப்பேன்" என்றார். "அதுக்காகவே இந்தக் கையைத் தூக்கியிருப்பேன். உன்னை எப்படிம்மா எழுப்புறது?"

அவள் போர்வைக்குள் கையை விட்டு அந்தக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் ஆறுதலாக வலது கையால் அவள் முதுகைத் தடவினார்.

சனிக்கிழமை மாலை, "நேரமாச்சு பாரு, கிளம்பு" என்று அவர்தான் அனுப்பி வைத்தார். அவள் போனாள்.