நான் இடம் மாற்றிய மீன் குஞ்சுகள்

என் கை சும்மா இருக்காது. அந்தக் குணத்தால் ஒரு பண்ணையையே இழுத்து மூட வைத்திருப்பேன்.

எண்பதுகளின் நடுவில் செர்டாங் தோட்டத்தில் என் கணவருக்கு வேலை போனது. மெர்கோங்குக்குக் குடிவந்தோம். சியாக்காப் என்கிற கொடுவா மீன் குஞ்சு பொரிக்கும் கடலோரப் பண்ணை ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. குஞ்சு என்றால் கண் இமை மயிரளவுதான். மொத்தம் ஐந்து தொட்டிகள். இரை போடுவது ஓர் அக்காவின் பொறுப்பு. மாதா கோவிலுக்குத் தவறாமல் போகிறவர், வாய் மட்டும் கத்தி. தொட்டி கழுவுவது நான்.

ஒருநாள் முதல் தொட்டிக் குஞ்சுகள் கறுத்து, இரை எடுக்காமல், மேலே வந்து சுழன்றன. செத்தவை அடியில் சாம்பலாகப் படிந்தன. தோட்டத்தில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால், நன்றாக இருக்கும் பிள்ளைகளைப் பக்கத்து லயத்து வீடுகளுக்கு அனுப்பிவிடுவோம். எனக்கும் அதே புத்தி. அக்கா சாப்பிடப் போன நேரம் பார்த்து, நன்றாக நீந்திய குஞ்சுகளைக் குவளையில் மொண்டு இரண்டு, மூன்று, நான்காம் தொட்டிகளில் விட்டேன். ஐந்தாவதுக்குப் போவதற்குள் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது. உயிர்களைக் காப்பாற்றிய பெருமை வேறு எனக்கு.

சில நாளில் அந்த மூன்று தொட்டிகளும் கறுத்தன. அன்றே எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள், பண்ணை முதலாளியான தௌக்கே மீன் நோய் பார்க்கும் அதிகாரி ஒருவரை அழைத்து வந்தார். அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு பாக்டீரியா என்றார். ஒரு தொட்டித் தண்ணீர் இன்னொன்றுக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் இரை கெட்டிருக்கும் என்றார். தண்ணீரை யாரும் கலக்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். மிச்சம் இருந்தது இரை. இரை என்றால் அக்கா. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தௌக்கே அவரிடம் சொல்லிவிட்டார்.

அக்கா ஏப்ரனைக் கழற்றி மடித்தார். எங்கள் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஆனாலும் தௌக்கே முன்னாலேயே எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

“மூணு நாளா வாயில என்னா, கொழுக்கட்டையா?” என்று அக்கா கத்தினார். பிறகு கேட்டார், “அஞ்சாவதுல விட்டியா?”

“இல்லக்கா. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க.”

ஐந்தாவதைத் தனியாக வைக்கச் சொன்னார் அதிகாரி. தனி வாளி, தனி வலை, தனி ஆள். தௌக்கே என் பக்கம் திரும்பி, வீட்டுக்குப் போ என்றார். நியாயம்தான். பையை எடுத்தேன்.

அக்கா மலாயில் குறுக்கே பேசினார். எனக்கு அது தமிழாகத்தான் நினைவிருக்கிறது. “இவ போனா புதுசா வர்றவளும் இதே வேலையத்தான் செய்வா. இவ சாகற வரைக்கும் செய்ய மாட்டா. அஞ்சாவத இவளே பாக்கட்டும்.”

தௌக்கே சரி என்று கையசைத்துவிட்டு நடந்தார். அக்கா வலையை என் கையில் திணித்தார்.

மற்ற நான்கு தொட்டிகளையும் குளோரின் ஊற்றிக் காலி செய்தோம். ஐந்தாவது பிழைத்தது. குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து லாரி ஏறிய அன்று, நன்றி சொல்ல அக்காவிடம் போனேன்.

“சும்மா இருலா,” என்றவர், சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கு நீ சொல்லலன்னா என் நாலு புள்ளைங்களும் என்னா ஆயிருக்கும்? நான்தான் ஒனக்குச் சொல்லணும்.”

மூன்று நாள் மூடியே கிடந்த என் வாய்க்கு அவர் நன்றி சொன்னார்.