யித்ஸ்காவின் இடது கால்

எங்கள் ஃபிரிஸ்லாந்துக் கிராமத்தில் சாயங்காலம் யாரும் ஜன்னல் திரையை இழுத்துவிடுவதில்லை. இழுத்துவிட்டால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். எதிர்வீட்டு யித்ஸ்கா ஒரு வாரமாக இழுத்துவிட்டிருந்தாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யித்ஸ்கா தபால்காரி. ஊர் முழுக்க சைக்கிளிலேயே போய்த் தபால் போடுபவள். கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு அறுவை செய்தபோது காலிலிருந்து நீர் வடியும் வழியிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இடது கால் மெல்ல வீங்கத் தொடங்கியது. கதிரியக்க மருந்து ஏற்றி, காலில் நிணநீர் ஓடுகிறதா தேங்குகிறதா என்று படம் பிடிக்க நாள் குறித்திருந்தார்கள். தேங்குகிறது என்று தெரிந்தால் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம்.

காரில் கூட்டிப்போனவள் நான்தான். ஆஸ்பத்திரியில் உடை மாற்றும்போது அவள் காலில் இருந்த கட்டைப் பிரித்தாள். அப்போதுதான் விஷயம் புரிந்தது. வாரம் முழுக்கத் திரைக்குப் பின்னால் காலை இறுக்கிக் கட்டி, உயரத் தூக்கிவைத்து, வீக்கத்தை வடித்திருக்கிறாள் இந்த அழுத்தக்காரி. விருந்தாளி வருமுன் வீட்டைத் துடைப்பதுபோல, டாக்டர் பார்க்குமுன் காலைச் சீர்செய்திருக்கிறாள்.

“ஏன்டி, வைத்தியம் பாக்க வந்தியா, அழகுப் போட்டிக்கு வந்தியா?” என்றேன்.

“வீக்கம் இல்லைன்னா படமே வேண்டாம்னு அனுப்பிருவாங்கல்ல?” என்றாள். எனக்குக் கோபம் போய்விட்டது; அவள் பிரித்த கட்டைச் சுருட்டி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அனுப்பிவிடவில்லை. கட்டின தடத்தை நர்ஸ் பார்த்தாள். இரண்டு காலிலும் விரல் இடுக்கில் மருந்தை ஊசியாகப் போட்டு, அசையாமல் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நடந்துவிட்டு வரச் சொன்னார்கள். தாழ்வாரத்தில் என் கையை விடாமல் நடந்தாள். மறுபடியும் படம்.

டாக்டர் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வலது காலில் மருந்து ஓடிய கோடு தொடைவரை ஏறியிருந்தது. இடது காலில், முதல் படத்தில் பாதத்தோடு சரி. நடந்த பிறகு எடுத்ததில் கெண்டைக்கால் தோலடியில் கறைபோலப் பரவியிருந்தது. மெல்லிய கோடு ஒன்று மட்டும் முழங்காலைத் தாண்டியிருந்தது.

யித்ஸ்கா, “சைக்கிள்?” என்று மட்டும் கேட்டாள்.

“தாராளமா ஓட்டுங்க. நீங்க நடந்த பிறகுதான் இந்தக் கோடு மேல ஏறியிருக்கு, பாருங்க. அழுத்தக் காலுறை மட்டும் தினமும் போடணும். இன்னும் கொஞ்ச காலம் ஒளிச்சு வெச்சிருந்தா கால் இறுகிப்போயிருக்கும்.”

வீடு வரும்வரை அழுதாள். நான் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுத் திரை திறந்திருந்தது. மறுபடி வீங்கிவிட்ட காலை முக்காலியில் நீட்டி, தெருவுக்கே தெரியும்படி யித்ஸ்கா காப்பி குடித்துக்கொண்டிருந்தாள்.